பழுது பார்த்த பின்னும் அலையும் ஜீப்

முன்பக்கம் முழுவதும் பழுது பார்க்கப்பெற்ற ஜீப் வண்டி நேரான சாலையில் நேராகச் செல்ல மறுக்கிறது என்னும் குறையை, மலைநாட்டுப் பணிகளில் இருக்கும் நம்மவர் பலர் சொல்லக் கேட்கிறோம். கிங் பின் புதிது. டை ராடு முனைகள் புதியவை. வில்பட்டைகளின் புஷ்களும் புதியவை. செலவில் எவ்விதக் குறைவும் இல்லை. ஆயினும் வண்டி இடப்புறம் சற்றே நழுவுகிறது, ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருத்துகிறார், உடனே வலப்புறம் நழுவுகிறது, மறுபடியும் திருத்துகிறார். பத்துக் கிலோமீட்டர் கடப்பதற்குள் தோள்கள் கடுக்கத் தொடங்கிவிடுகின்றன. பழுது பார்த்த பிறகு இக்குறை ஏன் தோன்றுகிறது, அதன் காரணத்தை எவ்வாறு கண்டறிவது என்பவற்றை இங்கே ஆராய்வோம்.

அகலமான சமவெளிச் சாலையில் இத்தகைய அலைச்சல் பெரும்பாலும் களைப்பைத் தருவதோடு நின்றுவிடும். மலைப்பாதையில் அவ்வாறன்று. ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம், எதிரே சரக்கு லாரி என்ற நிலையில் ஓட்டுநருக்குக் கிடைக்கும் இடைவெளி சில வேளைகளில் ஓரடிதான். வண்டி தானாக நழுவும் அளவும் ஓரடியானால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. இதனினும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. நாளடைவில் ஓட்டுநருக்கு இந்த அலைச்சல் பழகிப் போகிறது. கைகள் தாமாகவே திருத்திக் கொள்கின்றன. குறை மறைந்துவிட்டது என்று மனம் நம்புகிறது. மழையிலோ இரவிலோ அவசரமாகத் தடை போடும் கணத்தில்தான் அது மறையவில்லை என்பது தெரிய வருகிறது.

எந்த வண்டிகளைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் வரையறுத்துக் கொள்வது நலம். இரண்டாம் உலகப் போரின்போது 1941 முதல் வெளிவந்த வில்லிஸ் ஜீப்பின் அமைப்பையே பின்பற்றி, மகிந்திரா நிறுவனம் நம் நாட்டில் பல்லாண்டுகள் ஜீப்புகளைச் செய்து வந்தது. மாருதி ஜிப்ஸி 1985இல் வந்தது. பல்லாண்டுகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டது. இவ்விரு வகைகளிலும் முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே திண்ணிய அச்சின் இரு முனைகளில் அமைந்துள்ளன. அச்சை வில்பட்டைகள் தாங்குகின்றன. வட மாநிலப் பட்டறைகளில் இப்பட்டையைக் 'கமானி' என்பர். 2023இல் இந்தியச் சந்தைக்கு வந்த ஜிம்னியிலும் முன் அச்சு திண்ணியதே. ஆனால் பட்டைக்குப் பதில் சுருள் வில் இருக்கிறது. 2010 முதல் வந்த தார் வண்டிகள் பலவற்றிலோ முன்சக்கரங்கள் தனித்தனியே அசையும் அமைப்புடையவை. அவற்றின் உறுப்புகள் வேறு; எனினும் ஆராயும் முறை பெரும்பாலும் ஒன்றே. பட்டைவில் வண்டிகளையே நாம் எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

நாம் மெக்கானிக் தொழில் கற்றவர் அல்லோம். சொற்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கொண்டு செல்லும் அலுவலில் இருப்பவர். அத்தொழில் கற்பித்த உண்மை ஒன்று இங்கும் பொருந்துகிறது. பெயர் தவறினால் பொருளும் தவறும். 'ஸ்டியரிங் சரியில்லை' என்ற ஒரே சொற்றொடரால் மூன்று வெவ்வேறு குறைகளைச் சொல்கிறோம். அவற்றைப் பிரித்துச் சொன்னாலே பாதி வழி வந்தவராவோம்.

வண்டி எப்போதும் ஒரே பக்கம் செல்வது இழுப்பு. ஒரு பக்க டயரில் காற்றுக் குறைவு, ஒரு சக்கரத்தில் விடாமல் பற்றும் தடை, இரு பக்கச் சாய்வுக் கோணங்களின் வேறுபாடு ஆகியவை இதற்குக் காரணமாகும். சாலையின் நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்திருப்பதாலும் நம் நாட்டில் வண்டி இடப்புறம் சற்று இழுபடும். இது வண்டியின் குற்றமன்று. ஒரு குறிப்பிட்ட வேகத்தில், அல்லது ஒரு மேட்டில் ஏறி இறங்கியதும், சக்கரங்கள் படபடவென்று அடித்து ஸ்டியரிங்கை உலுக்குவது நடுக்கம். சமநிலையற்ற சக்கரமும் தளர்ந்த மூட்டுகளும் அதன் வழக்கமான காரணங்கள். இரண்டும் அல்லாமல், வண்டி இடமும் வலமுமாக மாறி மாறி நழுவி, ஓட்டுநர் ஓயாமல் திருத்திக் கொண்டே இருக்க நேர்வதுதான் அலைச்சல். நாம் பேசுவது இந்த மூன்றாவதைப் பற்றியே.

அலைச்சல் தோன்றுவதை விளங்கிக் கொள்ள, அலையாத வண்டி ஏன் அலையவில்லை என்பதை அறிய வேண்டும். இதற்குச் சைக்கிள் நல்ல ஆசிரியர். சைக்கிளின் முன்கவை செங்குத்தாக நிற்பதில்லை. மேற்பகுதி ஓட்டுபவரை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. கைப்பிடி திரும்பும் அச்சுக்கோட்டை மனத்தால் தரைவரை நீட்டிப் பாருங்கள். அது தரையைத் தொடும் இடம், டயர் தரையைத் தொடும் இடத்திற்குச் சற்று முன்னே அமையும். ஆகவே டயர் அந்தக் கோட்டின் பின்னால் இழுபட்டு வருகிறது. இழுபட்டு வரும் பொருள் தன்னை இழுக்கும் திசையிலேயே நேராக நிற்க விரும்பும். தள்ளுவண்டியின் சிறு சக்கரம் நாம் தள்ளும் திசைக்குத் தானே திரும்பிக் கொள்வதும் இதனாலேயே.

ஜீப்பிலும் இதே ஏற்பாடு உண்டு. முன்சக்கரம் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ அந்தக் கிங் பின் அச்சின் மேல்முனை பின்னோக்கிச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. இந்தப் பின்சாய்வைக் காஸ்டர் என்பர். பழைய வில்லிஸ் அமைப்பு ஜீப்புகளுக்குக் குறிக்கப்பட்ட அளவு 3 பாகை. மூன்று பாகை என்பது கண்ணுக்குப் புலப்படாத சிறு சாய்வு. ஆயினும் வளைவில் திருப்பிய ஸ்டியரிங்கைக் கை தளர்த்தியதும் நடுவுக்குத் திரும்பச் செய்வதிலும், குழியில் விழுந்து எழுந்த சக்கரத்தை மறுபடியும் நேர்ப்படுத்துவதிலும் பெரும்பங்கு அந்த மூன்று பாகைக்கே உரியது.

இப்போது அதே சைக்கிளின் கைப்பிடிக் கிண்ணங்களை அளவுக்கு மீறி இறுக்கிவிட்டால் என்ன நேரும் என்று எண்ணிப் பாருங்கள். கவையின் சாய்வு மாறவில்லை, எங்கும் ஆட்டமில்லை, எனினும் அச்சைக்கிளை நேராக ஓட்ட முடியாது. கைப்பிடி திருப்பிய இடத்திலேயே நின்றுவிடும். தானாக நடுவுக்கு வராது. ஓட்டுபவர் வளைந்து வளைந்து செல்வார். பழுது பார்த்த ஜீப்புகள் பல அலைவதன் இரகசியம் இதுவே. அலைச்சல் என்றதும் எதுவோ தளர்ந்திருக்கிறது என்றே எல்லோரும் எண்ணுகிறோம். தளர்ச்சி ஒரு காரணம் மட்டுமே. மிகையான இறுக்கம் இரண்டாவது காரணம். சாய்வு குலைந்து போவது மூன்றாவது காரணம். பழைய உறுப்புகள் தேய்ந்து வந்த அலைச்சலில் பெரும்பாலும் முதற்காரணத்தைக் காணலாம். புதிய உறுப்புகள் பூட்டியதும் வந்த அலைச்சலில் பின்னிரண்டையும் முதலில் ஐயுற வேண்டும்.

ஆகவே நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, 'எந்த உறுப்பு கெட்டது?' என்பதன்று, 'பழுது பார்க்கும்போது எவற்றையெல்லாம் கழற்றினார்கள்?' என்பதாகும். வண்டி பட்டறைக்குள் சென்றபோது இல்லாத குறை, வெளியே வந்தபோது இருக்கிறதென்றால், கழற்றிப் பூட்டிய இடங்களிலேயே அது ஒளிந்திருக்கும். கழற்றிய உறுப்புகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொள்ளுங்கள். டயர் மாற்றியதும், பின்பக்கப் பட்டைகளைப் புதுப்பித்ததும் அதில் இடம்பெற வேண்டும். பின்னர் செலவற்ற சோதனையிலிருந்து தொடங்கிச் செலவுள்ள சோதனைக்குப் படிப்படியாகச் செல்லலாம்.

முதற்படி டயர்கள். நான்கு டயர்களிலும் காற்று, தயாரிப்பாளர் குறித்த அளவில் இருக்கிறதா என்று, டயர்கள் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். சேற்றிலும் மணலிலும் செல்வதற்காகக் காற்றைக் குறைத்துவிட்டு, தார்ச்சாலைக்கு வந்ததும் நிரப்ப மறப்பது வழக்கமான பிழை. காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் நெளிந்து கொடுப்பதால் வண்டி மிதப்பது போல் அலையும். முன்னச்சில் ஒரு பக்கம் ரேடியல் டயரும் மறுபக்கம் பழைய வகை நைலான் டயரும் கலந்திருப்பது கூடாது. முன் டயர்களையும் பின் டயர்களையும் இடம் மாற்றிப் பூட்டி ஓட்டிப் பாருங்கள். குறையின் தன்மை மாறினால் குற்றவாளி டயரே.

இரண்டாம் படி ஆட்டம் பார்த்தல். வண்டியைச் சமதரையில் நிறுத்திக் கைத்தடையிட்டு, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். சக்கரங்கள் தரையில் ஊன்றியே இருக்கட்டும். ஒருவர் ஸ்டியரிங் சக்கரத்தை இடமும் வலமுமாக இரண்டங்குல அளவே விட்டுவிட்டு அசைக்க, மற்றொருவர் கீழே ஒவ்வொரு மூட்டாகப் பார்த்து வருவார். ஸ்டியரிங் பெட்டி சாசியில் அசைகிறதா? பிட்மன் கை உடனே அசைகிறதா? டிராக் லிங்கின் இரு முனைகள், டை ராட்டின் முனைகள் ஆகியவற்றில் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதிக்கிறதா? பழைய ஜீப்புகளில் டிராக் லிங்குக்கும் டை ராடுகளுக்கும் இடையே உள்ள பெல் கிராங்கின் பின் மிகுதியாகத் தேய்வது. அதை மறவாமல் பார்க்க வேண்டும். மூட்டின்மேல் விரலை வைத்தால் கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் தெரிந்துவிடும். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் எஞ்சின் ஓடும்போதே இச்சோதனை பொருளுடையது. அப்போது கீழே இருப்பவர் விரலை வைக்காமல் கண்ணால் மட்டும் பார்க்க வேண்டும்.

அடுத்து முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, உறுதியான தாங்கியின்மேல் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், வேறொருவரைத் தடையை மிதிக்கச் சொல்லி மறுபடியும் ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் குறை சக்கர பேரிங்கில் இருக்கிறது. நிற்கவில்லையென்றால் கிங் பின்னில் இருக்கிறது. விலையுயர்ந்த கருவியாலும் இதைவிடத் தெளிவாக இதைச் சொல்ல இயலாது.

மூன்றாம் படி திரும்பும் சோதனை. போக்குவரத்து அற்ற திறந்தவெளியில் மெதுவாகச் செல்லும்போது ஸ்டியரிங்கை ஒரு வளைவுக்குத் திருப்பி, பிடியைத் தளர்த்துங்கள். கைகள் சக்கரத்தின் அருகிலேயே இருக்கட்டும். ஸ்டியரிங் தானாக நடுவை நோக்கி வர வேண்டும். இரு பக்கமும் செய்து பாருங்கள். நடுவுக்கு வருகிறது, ஆனால் நடுவில் நிலையாமல் நழுவுகிறது என்றால் ஆட்டமோ, சக்கரங்களின் நேர்நோக்குப் பிழையோ இருக்கும். திருப்பிய இடத்திலேயே நின்றுவிடுகிறது என்றால், காஸ்டர் குறைந்திருக்கிறது. அல்லது எங்கோ இறுகியிருக்கிறது.

இவ்விரண்டில் எது என்பதைப் பிரிப்பது நான்காம் படி. முன்சக்கரங்களை மறுபடியும் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, ஸ்டியரிங் பெட்டியிலிருந்து வரும் டிராக் லிங்கைக் கழற்றிவிட வேண்டும். இப்போது சக்கரத்தைக் கையால் இடமும் வலமும் திருப்பினால், கிங் பின்களும் டை ராடுகளும் மட்டுமே எதிர்ப்புக் காட்ட முடியும். சக்கரம் சீராகவும் எளிதாகவும் திரும்பினால் கிங் பின்கள் குற்றமற்றவை. கனத்துத் திரும்பினாலோ, நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவது போல் நின்றாலோ குறை அங்கேயே இருக்கிறது. கிங் பின் பேரிங்குகளுக்கு அடியிலும் மேலும் வைக்கப்படும் மெல்லிய தகடுகளே அவற்றின் இறுக்கத்தை நிர்ணயிக்கின்றன. ஒரு தகடு மிகுதியாக எடுக்கப்பட்டால் பேரிங் நசுங்குகிறது; ஒரு தகடு மிகுதியாக வைக்கப்பட்டால் தளர்கிறது. வில்தராசால் இழுத்து, கையேட்டில் குறித்த எடையில் சக்கரத்தாங்கி அசைகிறதா என்று பார்ப்பதே முறை. கை உணர்ச்சியை நம்பிப் பூட்டுவது வழக்கமாகிவிட்டதால், புதிய பேரிங் இட்ட பிறகு வரும் அலைச்சலுக்கு இது முதன்மையான காரணங்களுள் ஒன்றாக இருக்கிறது.

ஐந்தாம் படி ஸ்டியரிங் பெட்டியின் நடு. பெட்டியின் உட்பகுதி, நேராகச் செல்லும் நிலையில் மிகக் குறைந்த ஆட்டமும், இரு ஓரங்களை நோக்கிச் செல்லச் செல்ல மிகுந்த ஆட்டமும் உடையதாகவே அமைக்கப்படுகிறது. நேராகச் செல்லும் நேரமே மிகுதி ஆகையால் இந்த ஏற்பாடு. பிட்மன் கையைக் கழற்றி ஒரு பல் தள்ளிப் பூட்டினாலோ, டிராக் லிங்கின் நீளத்தை மாற்றினாலோ, சக்கரங்கள் நேராக நிற்கும்போது பெட்டி தன் நடுவில் இராது. வண்டி முழு வழியும் பெட்டியின் தளர்ந்த பகுதியிலேயே ஓடும். சோதனை எளிது. ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்பி எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் பாதி திருப்பி நிறுத்துங்கள். சக்கரங்கள் நேராக நிற்க வேண்டும். எண்ணும்போது டிராக் லிங்க் கழற்றப்பட்டிருந்தால் பெட்டியின் உண்மையான நடு கிடைக்கும். ஆனால் கோடியில் பலமாக முட்டக் கூடாது. மைய முத்திரை சாய்ந்திருக்கிறது என்று ஸ்டியரிங் சக்கரத்தை மட்டும் கழற்றி நேராகப் பூட்டிக் கொடுப்பது இக்குறையை மூடி மறைப்பதாகும்.

ஆறாம் படி அச்சு தன் இடத்தில் இருக்கிறதா என்பது. பட்டைகளையும் அச்சையும் இணைக்கும் யூ போல்ட்டுகள் தளர்ந்தாலோ, பட்டைகளின் நடு போல்ட் முறிந்தாலோ, அச்சு ஒரு பக்கம் முன்னும் ஒரு பக்கம் பின்னுமாக நகரும். சக்கரங்களை நேராக வைத்து, இடப்புற முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம்வரை அளந்து, வலப்புறத்தோடு ஒப்பிடுங்கள். சி.ஜே. 3பி வகை ஜீப்பில் இத்தொலைவு சுமார் 80 அங்குலமே. நீளம் குறைந்த வண்டியாதலால் சிறு கோணலும் பெரிதாகத் தெரியும். பின்னச்சின் யூ போல்ட்டுகளையும் பார்க்க வேண்டும். தளர்ந்த பின்னச்சும் வண்டியைத் திருப்பும் என்பதைப் பலர் நினைப்பதில்லை.

ஏழாம் படி, நாம் முதலில் சொன்ன பின்சாய்வு. இதற்குள் ஆட்டமும் இறுக்கமும் இல்லையென்று தெளிந்திருப்போம். ஆகவே காஸ்டரை அளந்து பார்ப்பதற்கு இப்போதுதான் பொருளுண்டு. திண்ணிய அச்சு வண்டிகளில் காஸ்டரைத் திருத்தத் திருகாணி எதுவும் பொதுவாக இல்லை. பட்டையின் நிலைதான் அதை நிர்ணயிக்கிறது. பழைய ஜீப்புகளில் முன்பட்டையின் முன்முனை ஷாக்கிளிலும், பின்முனை அசையாத தாங்கியிலும் மாட்டப்பட்டிருக்கும். வண்டியை உயர்த்திக் காட்ட வேண்டும் என்ற ஆசையால் நீண்ட ஷாக்கிள்களை மாட்டுவோர் உண்டு. கணக்கிட்டுப் பாருங்கள். பட்டையின் இரு முனைகளுக்கிடையே 36 அங்குலம் என்று கொள்வோம். ஷாக்கிள் 2 அங்குலம் நீண்டால் பட்டையின் முன்முனை 2 அங்குலம் தாழ்கிறது; பட்டையோடு அச்சும் முன்னோக்கிச் சுழல்கிறது. சுழற்சியின் அளவு 3 பாகைக்குச் சற்று மேல். இருந்த பின்சாய்வே 3 பாகைதான். அதாவது, அந்த இரு இரும்புத் துண்டுகளால் வண்டியின் நேர்ச்செல்லும் குணம் முழுவதும் போய்விடுகிறது.

பின்பக்கத்தில் புதிய, தடித்த பட்டைகளை இட்டு வண்டியின் பின்பகுதி 2 அங்குலம் உயர்ந்தாலும், 80 அங்குல வண்டியில் ஏறத்தாழ ஒன்றரைப் பாகைக் காஸ்டர் குறையும். முன்பக்கத்தில் ஒன்றுமே தொடப்படவில்லையே என்று திகைப்போர் இதை நினைவில் கொள்க. சில வண்டிகளில் பட்டைக்கும் அச்சுக்கும் இடையே ஆப்பு வடிவத் தகடு வைத்துக் காஸ்டரைச் சரிப்படுத்தியிருப்பார்கள். பட்டை கழற்றும்போது அது கீழே விழுந்து விடுபட்டுப் போகும். அல்லது முன்பின்னாக மாற்றி வைக்கப்படும். 2 பாகை ஆப்பைத் தலைகீழாக வைத்தால் 2 பாகை கூடுவதற்குப் பதில் 2 பாகை குறைந்து, மொத்தம் 4 பாகை வேறுபடும். அதே வேளையில் ஆப்பை விருப்பம்போல் தடிப்பாக்குவதும் தகாது. அச்சைச் சுழற்றினால் அதனுடன் இணைந்த புரொப்பெல்லர் தண்டின் கோணமும் மாறி, அங்கே அதிர்வு தொடங்கும்.

எட்டாவதும் இறுதியுமான படி, சக்கரங்களின் நேர்நோக்கு. மேலிருந்து பார்க்கையில் முன்சக்கரங்களின் முன்விளிம்புகள் பின்விளிம்புகளைவிடச் சிறிது நெருங்கியிருக்க வேண்டும். இதை டோ-இன் என்பர். பழைய வில்லிஸ் அமைப்புக்கு இவ்வளவு 3/64 முதல் 3/32 அங்குலம், அதாவது ஏறத்தாழ 1 முதல் 2½ மில்லிமீட்டர்வரை. டை ராடு முனை மாற்றும்போது மரையில் ஒரு சுற்று மிகுந்தாலும் குறைந்தாலும் இவ்வளவு குலைந்துவிடும். முன்விளிம்புகள் விலகி நின்றால் ஒவ்வொரு சக்கரமும் தன் பக்கம் வண்டியை இழுக்க முயலும். வண்டி ஓரிடத்தில் நிலைக்காது. அளக்கும் முறை இது. இரு டயர்களின் பின்புறத்திலும் சக்கர மையத்தின் உயரத்தில் சாக்குக்கட்டியால் குறியிட்டு, இடைத்தொலைவை அளந்து, வண்டியை அரைச்சுற்று முன்னே உருட்டி, அதே குறிகள் முன்புறம் வந்ததும் மீண்டும் அளக்க வேண்டும். பின்னே உருட்டக் கூடாது. மூட்டுகளின் ஆட்டம் எதிர்ப்புறம் சென்று கணக்கைக் கெடுக்கும்.

இதை இறுதியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. பெரும்பாலோர் இதையே முதலில் செய்கிறார்கள். 'அலைன்மெண்ட் பார்த்தாயிற்று' என்று பட்டறையில் சொன்னால், பல வேளைகளில் டோ-இன் மட்டும் சரிசெய்யப்பட்டது என்றே பொருள். ஆட்டமுள்ள மூட்டுகளோடு சரிசெய்த டோ-இன், வண்டி வாசலைத் தாண்டும்வரைதான் நிற்கும். கணினி அலைன்மெண்ட் பார்க்கும் இடத்தில் காஸ்டர் எண்ணையும் அச்சிட்டுத் தரும்படி கேளுங்கள். இடம் வலம் இரண்டின் எண்களும் வேண்டும். உங்கள் வண்டியின் கையேட்டிலுள்ள அளவோடு அவற்றை ஒப்பிட்டால் ஐயம் தீரும்.

தவிர்க்க வேண்டிய இரண்டு பரிகாரங்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒன்று, அலைச்சலைக் கண்டதும் ஸ்டியரிங் பெட்டியின் திருகை இறுக்குவது. முதல் நாள் கைக்கு உறுதியாகத் தோன்றும். ஆனால் பெட்டி நடுவில் பிடித்துக் கொள்வதால் அலைச்சல் மிகும். பற்களும் விரைவில் தேயும். வளைவில் திருப்பிய ஸ்டியரிங் திரும்பி வராமல் நின்றால் அதன் விளைவை விளக்கத் தேவையில்லை. மற்றொன்று, ஸ்டியரிங் டாம்பர் என்னும் அதிர்வு தாங்கியைப் புதிதாகப் பொருத்துவது. கல்லில் மோதும் அதிர்ச்சியைக் கைக்கு வராமல் தணிப்பது அதன் வேலை. அதனால் சாய்வைத் தர முடியாது. தேய்ந்த மூட்டை நிரப்பவும் முடியாது. குறையை மறைத்து, அது வளர அவகாசம் தருவதே அதன் பயனாகும்.

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு மற்றொரு சிரமமும் உண்டு. மெக்கானிக்குக்கு நம் மொழி தெரியாது. நமக்கு அவர் மொழியில் அன்றாடப் பேச்சு தெரிந்தாலும் தொழிற்சொற்கள் தெரியா. 'வண்டி ஆடுகிறது' என்று நாம் சொல்ல, அவர் நடுக்கம் என்று கொண்டு சக்கரங்களைச் சமன்செய்து அனுப்புவார். பணமும் ஒரு நாளும் வீணாகும், மனத்தாங்கலும் மிஞ்சும். இதற்கு வழி, முடிவைச் சொல்லாமல் சோதனையைக் காட்டுவது. ஆட்டம் கண்ட மூட்டின்மேல் சாக்குக்கட்டியால் குறியிட்டு வையுங்கள். டிராக் லிங்க் கழற்றிய நிலையில் சக்கரம் கனத்துத் திரும்புவதை அவர் கையாலேயே திருப்பிப் பார்க்கச் செய்யுங்கள். இடப்புற வலப்புற அளவுகளை எண்ணால் எழுதிக் கொடுங்கள். எண்ணுக்கும் குறிக்கும் மொழிபெயர்ப்பாளர் வேண்டாம். கிங் பின், டை ராடு, காஸ்டர் முதலிய சொற்களும் நாடெங்கும் பட்டறைகளில் ஏறக்குறைய ஒரே உச்சரிப்பில் வழங்குவன. நல்ல மெக்கானிக் எவரும் தெளிவான சான்றைக் கண்டால் கோபிப்பதில்லை. தம் வேலை எளிதாயிற்று என்றே மகிழ்வார்.

குறை நீங்கியபின் செய்ய வேண்டிய கடமைகள் சில உள. ஸ்டியரிங் மூட்டுகளில் கோட்டை நட்டு உள்ள இடத்திலெல்லாம் ஸ்பிளிட் பின் செருகி மடக்கப்பட்டிருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். ரப்பர் புஷ் உள்ள பட்டை போல்ட்டுகளை வண்டி தன் எடையோடு சக்கரங்களில் நிற்கும்போதே இறுதியாக இறுக்க வேண்டும். தூக்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுகியே நிற்கும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் யூ போல்ட்டுகளை மறுபடியும் இறுக்கச் செய்க. புதிய பட்டைகள் அமர்ந்து கொள்ளும்போது அவை தளர்வது இயல்பு. மூட்டு ஒன்றில் ஆட்டமோ, சக்கரத்தாங்கியில் விரிசலோ கண்டால், அது சீராகும்வரை அவ்வண்டியை மலைப்பாதையில் ஓட்டாதிருப்பதே அறிவுடைமை.

தளர்ச்சி, இறுக்கம், சாய்வு என்னும் மூன்றையும் தனித்தனியே சோதிக்கத் தேவைப்படுபவை ஒரு ஜாக்கி, உறுதியான தாங்கிகள், ஓர் அளவு நாடா, ஒரு சாக்குக்கட்டி, உடன் உதவ ஓர் ஆள், அரை நாள் பொறுமை, அவ்வளவே. அடுத்த முறை வண்டியைப் பட்டறையில் விடுவதற்கு முன்பே, ஷாக்கிளின் நீளத்தையும் இருபுறச் சக்கரத் தொலைவையும் அளந்து குறித்து வையுங்கள். ஆப்புத் தகடு இருந்தால் அதன் தடித்த பக்கம் எது என்பதையும் எழுதி வையுங்கள். வண்டி திரும்பி வந்ததும் அந்தத் தாளை எடுத்து ஒப்பிட்டால், என்ன மாறியது என்பது சாலையில் இறங்குவதற்கு முன்பே தெரிந்துவிடும்.